எண்ணத் தொடங்கும் முன்: காட்டுயிர்க் கணக்கெடுப்பில் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 27,312 யானைகள். 2025 அக்டோபரில் வெளியான அறிக்கையின்படி 22,446. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எட்டு ஆண்டுகளில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான யானைகள் காணாமல் போய்விட்டன என்று தோன்றும். அப்படிச் சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. முந்தையது பெரும்பாலும் கண்ணால் பார்த்து எண்ணியது. பிந்தையது லத்தியிலிருந்து எடுத்த மரபணுவை வைத்து மதிப்பிட்டது. மாறியது யானையா, எண்ணிய விதமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அறிக்கையை எழுதியவர்களே பழைய எண்ணோடு இதை ஒப்பிட வேண்டாம், இனி வரப்போகும் கணக்குகளுக்கு இதுவே அடித்தளம் என்றுதான் சொல்கிறார்கள்.

தேசிய அளவில் நடக்கும் இந்தக் குழப்பம், ஊர் ஏரியில் நாரை எண்ணும் இயற்கை மன்றத்துக்கும், எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காகப் புள்ளிமான் எண்ணப் புறப்படும் மாணவருக்கும் அப்படியே வரும். முதல் ஆண்டு ஒரு முறை, அடுத்த ஆண்டு வேறொரு முறை, பிறகு இரண்டையும் இணைத்து ஒரு கோட்டுப்படம். அந்தப் படத்துக்கு அர்த்தமே கிடையாது. அதனால் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. பைனாகுலர் வாங்குவதெல்லாம் அப்புறம்.

தேர்ந்தெடுக்க நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நாம் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று இந்த முறைக்குச் சொல்லத் தெரியுமா? காட்டில் எந்தக் குழுவும் இருப்பதை எல்லாம் பார்ப்பதில்லை. புதர் மறைக்கும், பனி மூடும், விலங்கு நம்மை முதலில் பார்த்துவிட்டு ஒதுங்கும். விட்டுப்போனதைக் கணக்கில் எடுக்கும் முறைகள் உண்டு. அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத முறைகளும் உண்டு. விலை, ஆள், நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொஞ்சம் அடிப்படை. ஓர் இடத்தில், ஒரு காலத்தில் வாழும் ஒரே இனத்து உயிர்களைச் சேர்த்து இனக்கூட்டம் என்கிறோம். அதன் எண்ணிக்கை நான்கு வழிகளில் மட்டுமே மாறும்: பிறப்பு, இறப்பு, வெளியிலிருந்து வருவது, வெளியே போவது. ஐந்தாவது வழி கிடையாது. எண்ணிக்கொண்டிருக்கும் நாட்களில் இந்த நான்கும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் அது மூடிய இனக்கூட்டம். கீழே வரும் முறைகளில் பல அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே எண்ணும் காலம் குறுகலாக இருக்க வேண்டும். குட்டி போடும் பருவத்தில் நாலு மாதம் இழுத்து எண்ணிவிட்டு அதை ஒரே எண்ணாக எழுதுவது, அந்த நம்பிக்கையைக் காற்றில் விடுவது.

எண் எதற்கு வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை என்பது ஒரு கேள்வி. சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்னும் அடர்த்தி இன்னொன்று. கூடுகிறதா குறைகிறதா என்பது மூன்றாவது. குட்டி, இளசு, வளர்ந்தது, ஆண், பெண் என்று எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது நாலாவது. நம்மில் பெரும்பாலானோருக்கு உண்மையில் தேவை மூன்றாவதும் நாலாவதும். ஆனால் எல்லோரும் முதலாவதைத் துரத்துகிறோம், செய்தித்தாளில் வருவது அதுதான் என்பதால்.

முதலில், எல்லாவற்றையும் எண்ணிவிடலாம் என்ற யோசனை. இது சில இடங்களில் உண்மையாகவே நடக்கும். வேடந்தாங்கல் மாதிரி நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில் மரம் மரமாகக் கூடுகளை எண்ணலாம். கூடு ஓடிப்போகாது. ஒரு கூட்டுக்கு ஒரு ஜோடி என்றால் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கூடு கட்டாத இளம்பறவைகள் அதில் வராது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வெட்டவெளியில் மேயும் வெளிமானுக்கும் ஓரளவு இது பொருந்தும். காட்டு யானைக்கு? காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரே நாளில் பல குழுக்களை அனுப்பிப் பார்த்ததை எண்ணுவது நம் வனத்துறைக்கு நெடுநாள் பழக்கம். பக்கத்து மாநிலங்களும் அதே நாட்களில் எண்ணுவதால் எல்லை தாண்டும் கூட்டம் இரண்டு முறை எண்ணப்படும் ஆபத்து குறைகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பற்றி இந்த முறை வாயே திறக்காது.

இதற்கு ஒரு மலிவான திருத்தம் உண்டு. ஒரே இடத்தைப் பல முறை எண்ணி, மிக அதிகமாக வந்த எண்ணையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துக்கொள்வது. நாலு முறை எண்ணியதில் 31, 38, 35, 41 என்று வந்தது என்று வையுங்கள். பெரியது 41, அடுத்தது 38, வித்தியாசம் 3. அந்த மூன்றைப் பெரியதோடு கூட்டினால் 44. அடுத்தடுத்த எண்ணல்கள் உச்சத்துக்கு அருகிலேயே வந்தால் விட்டுப்போனது குறைவு, எண்ணுக்கு எண் தாவினால் விட்டுப்போனது அதிகம் என்பதே இதன் தர்க்கம். செலவு இல்லை, கணக்கும் எளிது. ஆனால் ஒரே ஒரு நாள் ஏதோ காரணத்தால் வெளிக்கூட்டம் ஒன்று வந்து கலந்துவிட்டால் மொத்தமும் வீங்கிவிடும். இதை மட்டும் நம்பி முடிவுக்கு வர நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு மறுபடி பிடிப்பது. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தது. 1890களில் டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டார். 1930இல் அமெரிக்காவில் பறவையியலாளர் லிங்கன் வாத்துகளின் கால்வளையத்தை வைத்து இதே கணக்கைப் போட்டார். அதனால் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். பண்ணைக் குட்டையில் 50 மீனைப் பிடித்துத் துடுப்பில் சிறு அடையாளம் வைத்து விடுகிறீர்கள். சில நாள் கழித்து வலை போட்டால் 60 மீன், அதில் 12இல் அடையாளம். பிடிபட்டதில் ஐந்தில் ஒன்றுக்கு அடையாளம் என்றால், குட்டை முழுவதிலும் ஐந்தில் ஒன்றுக்குத்தான் இருக்க வேண்டும். ஆக 50ஐ ஐந்தால் பெருக்கி 250. எண்கள் சின்னதாக இருக்கும்போது இது கொஞ்சம் மேலே தள்ளும். 1951இல் சாப்மன் சொன்ன திருத்தப்படி மூன்று எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டு, விடையில் ஒன்றைக் கழித்தால் 238 வரும்.

அழகான முறை. ஆனால் எங்கே உடைகிறது பாருங்கள். அடையாளமிட்ட மீன்களில் பாதி அதை இழந்துவிட்டால் 12 வர வேண்டிய இடத்தில் 6 வரும், விடை 500 ஆகிவிடும். ஒரு முறை பிடிபட்ட எலி பொறியைக் கண்டாலே விலகிப்போனால் அப்போதும் விடை வீங்கும். பொறியில் வைத்த தேங்காய்க்கு ருசி கண்டு திரும்பத் திரும்ப வந்தால் விடை சுருங்கும். எல்லா உயிரும் சம வாய்ப்போடு பிடிபட வேண்டும், அடையாளம் அழியக் கூடாது, இடையில் வரவும் கூடாது, போகவும் கூடாது. குட்டை மீன், நத்தை, தும்பி, வண்ணத்துப்பூச்சி இவற்றுக்கு நல்ல முறை. கல்லூரிப் புராஜெக்டுக்கு நத்தை ஓட்டில் நகப்பூச்சு வைப்பதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாலூட்டி என்றால் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கைப் பிடிக்க அனுமதி வேண்டும், அது சுலபத்தில் கிடைக்கக் கூடியதும் இல்லை.

விலங்கைப் பிடிக்காமலே பிடிக்க முடியுமா? புலி விஷயத்தில் நடந்தது அதுதான். கதை கொஞ்சம் நீளம், ஆனால் இந்தத் துறையில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1972இல் நாடு முழுக்கப் புலிகளின் கால்தடத்தைக் கண்ணாடியில் வரைந்தும் பாரிஸ் சாந்தில் அச்செடுத்தும் எண்ணினார்கள். 1,827 என்று வந்தது. பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு புலியின் தடமும் தனித்துத் தெரியும் என்பது நம்பிக்கை. ஈர மணலில் ஒரு விதமாகவும் புழுதியில் வேறு விதமாகவும் ஒரே பாதம் பதியும் என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை புலிகளின் தடம் கண்ணில் படாமலே போனது என்று கேட்க அந்த முறையில் இடமே இல்லை. 2001-02இல் இதே வழியில் 3,642 புலிகள் என்றார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005 தொடக்கத்தில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் முறை மாறியது. 2006இல் புதிய முறை தந்த எண் 1,411.

புதிய முறையின் இதயம் தானியங்கி கேமரா. புலியின் வரிகள் ஒன்றுக்கொன்று வேறு. பிறக்கும்போதே போட்டு வந்த அடையாளம், அழியவும் அழியாது. முதல் படத்தில் விழுவது பிடிபடுதல், மறுபடி விழுவது மறுபடி பிடிபடுதல். பீட்டர்சனின் மீன் கணக்கேதான். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இதைச் செய்து காட்டினார். நடைமுறையில் ஒரு நுணுக்கம்: புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. அதனால் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, ஒரே புலியை இரண்டாக எண்ணுவது புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். 2022 கணக்கில் நாட்டின் சராசரி மதிப்பீடு 3,682, தமிழ்நாட்டில் 306. அந்த எண்களோடு கீழ் எல்லை, மேல் எல்லை என்று வருவதைக் கவனியுங்கள். பார்க்காததைப் பற்றிப் பேசத் தெரிந்த முறைக்கு அதுதான் அடையாளம்.

சிறுத்தை, வரிக்குதிரை மாதிரி உடம்பிலேயே அடையாளம் உள்ளவற்றுக்கு இது பொருந்தும். காட்டுப்பன்றிக்கோ கடமானுக்கோ பொருந்தாது. ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். சிலர் கேமராவில் விழுந்த படங்களின் எண்ணிக்கையையே விலங்கின் எண்ணிக்கையாக எழுதிவிடுகிறார்கள். ஒரே பன்றி ஒரே இரவில் முப்பது படம் கொடுக்கும். அது பன்றியின் சுறுசுறுப்பைத்தான் காட்டும்.

யானை லத்திக்கு மறுபடி வருவோம். 2025 கணக்கில் புலியின் வரிக்குப் பதில் மரபணு. நாடெங்கும் 20,000க்கும் மேற்பட்ட லத்தி மாதிரிகளை எடுத்து, அதிலிருந்து 4,065 தனித்தனி யானைகளை அடையாளம் கண்டார்கள். எது எத்தனை முறை, எங்கெங்கே திரும்பக் கிடைத்தது என்பதை வைத்து 22,446 என்ற மதிப்பீட்டுக்கு வந்தார்கள். எல்லைகள் 18,255இலிருந்து 26,645 வரை. விரிந்த எல்லைதான். ஆனால் நேர்மையான விரிவு. ஆய்வகச் செலவு கல்லூரிக்கும் மன்றத்துக்கும் எட்டாது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

லத்தியை வெறுமனே எண்ணும் பழைய வழியும் இருக்கிறது. அது எட்டக் கூடியது போலத் தெரியும், அதனாலேயே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு யானை நாளைக்குச் சுமார் பதினாறு முறை லத்தி போடுகிறது. அது மட்கி அடையாளம் தெரியாமல் போக இத்தனை நாள் ஆகும். சதுர கிலோமீட்டருக்கு 1,600 லத்தி இருந்து, ஒவ்வொன்றும் சராசரி 100 நாள் கிடக்கிறது என்றால், பதினாறு பெருக்கல் நூறு 1,600, ஆக ஒரே ஒரு யானை. மழை வலுத்து 50 நாளிலேயே கரைந்துவிடுகிறது என்றால், அதே 1,600க்கு இரண்டு யானை! தரையில் எதுவும் மாறவில்லை, விடை இரட்டிப்பாகிவிட்டது. மட்கும் வேகம் மழைக்கு மழை, காட்டுக்குக் காடு, சாணி வண்டும் கரையானும் எவ்வளவு என்பதற்கேற்ப மாறும். அந்தந்த இடத்தில் புதுசாய் விழுந்த லத்திகளுக்குக் குறி வைத்து, அவை மறையும் வரை மாதக்கணக்கில் திரும்பப் போய்ப் பார்த்தால்தான் இந்த முறை நிற்கும். வேறு எங்கோ நடந்த ஆய்வின் மட்கும் வேகத்தைக் கடன் வாங்கிப் போட்ட கணக்கை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

புள்ளிமான், காட்டுமாடு போன்ற பகலில் கண்ணில் படும் விலங்குகளுக்கு நேர்கோட்டுப் பாதை முறை. காட்டுக்குள் நேராக ஒரு கோடு, விடியற்காலையில் அதில் மெதுவாக நடை. கூட்டம் தெரிந்ததும் எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று தூரமானியும் திசைகாட்டியும் வைத்துக் குறிப்பது. கோட்டிலிருந்து விலக விலக கண்ணில் படுவது குறைந்துகொண்டே போகும். எந்த வேகத்தில் குறைகிறது என்பதிலிருந்தே விட்டுப்போனதைக் கணக்கிடலாம் என்பதுதான் இதன் சாமர்த்தியம். ஓர் உதாரணம்: எல்லாரும் சேர்ந்து நடந்தது 100 கிலோமீட்டர், பார்த்தது 60 கூட்டம், கணக்குப்படி திறம்படப் பார்த்த அகலம், அதாவது எல்லாமே கண்ணில் பட்டதற்குச் சமமான அகலம், பக்கத்துக்கு 60 மீட்டர். அப்படியானால் பார்த்த பரப்பு 12 சதுர கிலோமீட்டர், சதுர கிலோமீட்டருக்கு ஐந்து கூட்டம். சராசரிக் கூட்டம் எட்டு என்றால் 40 மான். அடர்த்தி வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு.

ஆனால் இதற்கு ஒழுக்கம் வேண்டும். கோட்டின் மேலேயே நிற்கும் விலங்கு ஒன்றுகூடத் தவறக் கூடாது. நம்மைப் பார்த்து அது நகர்வதற்கு முன் நின்ற இடத்துக்குத்தான் தூரம் அளக்க வேண்டும். நம்பகமான விடைக்குக் குறைந்தது அறுபது எண்பது முறையாவது பார்த்திருக்க வேண்டும். இருபது பார்வையை வைத்துக்கொண்டு மென்பொருளில் போட்டால் அது மறுக்காது, ஏதோ ஒரு எண்ணைத் துப்பும். கோடு கிழிக்கச் சோம்பல்பட்டு ஜீப் ரோட்டிலேயே நடப்பது இன்னொரு பரவலான குறுக்குவழி. ரோட்டோரம் வெட்டிவிட்ட இடத்தில் தளிர்ப்புல் இருக்கும், மான் அங்கேதான் நிற்கும். கணக்கு ஏறிவிடும்.

மலைமுகட்டில் நேர்கோடு போட முடியாது. வரையாட்டுக்கு அதனால் இரு குழு முறை. ஒரே பகுதியை இரண்டு குழு, ஒன்றுக்கொன்று பேசாமல், சற்று நேரம் விட்டுச் சென்று பார்க்கும். கூட்டத்தில் எத்தனை கிடா, எத்தனை பெண், எத்தனை குட்டி, எந்தச் சரிவு, எத்தனை மணி என்று குறிக்கும். மாலையில் உட்கார்ந்து, இரண்டு குழுவும் பார்த்தது ஒரே கூட்டமா என்று ஒப்பிடுவார்கள். முதல் குழு 20 கூட்டம், இரண்டாவது 18, இரண்டுக்கும் பொது 15 என்று வையுங்கள். 20ஐ 18ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் 24. இரு குழுவும் சேர்ந்து பார்த்தது 23, ஆக இருவர் கண்ணிலும் படாமல் போனது ஒன்று. மறுபடியும் பீட்டர்சனின் கணக்கேதான், பார்ப்பதுதான் இங்கே பிடிப்பது. கருவி எதுவும் வேண்டாம், இரண்டு நோட்டும் நாலு நல்ல கண்ணும் போதும். செலவுக்கும் நேர்மைக்கும் உள்ள விகிதத்தில் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. இதன் பலவீனமும் மனிதர்கள்தான். நாகரிகம் பார்த்து முதல் குழு இரண்டாவது குழுவுக்குக் கைகாட்டிவிட்டால் முறை செத்தது.

தமிழ்நாட்டின் வரையாட்டுத் திட்டத்தில் இந்த இரு குழு முறையும், மேலே சொன்ன பல முறை எண்ணும் திருத்தமும் சேர்ந்தே பயன்பட்டன. 2024இல் மாநிலத்தில் 1,031 வரையாடு, 2025இல் 1,303. ஒரே ஆண்டில் நூற்றுக்கு இருபத்தாறு கூடுதல். சந்தோஷப்படுவதற்கு முன் நான்கு வழிகளை நினைவுபடுத்திக்கொள்வோம். வரையாடு பொதுவாக ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். நூறு ஆட்டில் நாற்பது வளர்ந்த பெண் என்று தாராளமாக வைத்து, எல்லாமே குட்டி போட்டன என்றும் வைத்து, குட்டிகளில் பாதி முதல் ஆண்டைத் தாண்டுகிறது என்று எடுத்தால் இருபது கூடும். பெரியவற்றில் எட்டு சாகிறது என்றால் மிஞ்சுவது பன்னிரண்டு. இருபத்தாறுக்குப் பிறப்பு மட்டும் போதாது. இரண்டாம் ஆண்டில் புதிய இடங்களும் எண்ணப்பட்டன, எண்ணியவர்களுக்குப் பழக்கமும் ஏறியிருக்கும். 1,303 என்பது நல்ல எண்தான், முன்னைவிட நல்ல எண்ணும்கூட. ஆனால் வளர்ச்சி வீதம் வேண்டுமென்றால் இரண்டு ஆண்டும் எண்ணிய அதே இடங்களை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, மொத்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நீலகிரியின் முக்குருத்தி, ஆனைமலையின் புல்மலை, இன்னும் தெற்கே போகப் போக, வரையாடு தனித்தனி முகடுகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு முகட்டில் இருநூறு, இன்னொன்றில் பதினைந்து. பதினைந்து உள்ள இடத்தில் ஒரு கெட்ட ஆண்டு போதும், துடைத்துவிடும். இடையில் யூகலிப்டஸும் சீகையும் தேயிலையும் நிற்பதால் பக்கத்து முகட்டிலிருந்து ஆடு வந்து குடியேறவும் வழி இல்லை. மறுபக்கம், இருநூறு உள்ள முகட்டில் புல் எவ்வளவு ஆட்டைத் தாங்கும் என்ற எல்லையும் உண்டு. தாங்குதிறனை நெருங்க நெருங்கக் குட்டி பிழைப்பது குறையும், வளர்ச்சி தானாகவே மட்டுப்படும். அங்கே எண்ணிக்கை ஏறாமல் நிற்பது கெட்ட செய்தி ஆகாது. அதனால்தான் குட்டிக்கும் பெண்ணுக்கும் உள்ள விகிதத்தைத் தனியே எழுதச் சொல்கிறேன். நூறு பெண்ணுக்கு எத்தனை குட்டி என்ற ஒரு வரி, பல சமயம் மொத்த எண்ணைவிட அதிகம் பேசும்.

கடைசியாக, எண்ணவே எண்ணாத வழி. அதாவது ஒப்பீட்டுக் குறியீடு. இந்தியாவில் எத்தனை மயில் இருக்கிறது? யாரும் எண்ணியதில்லை. ஆனால் மயில் பெருகியிருக்கிறது என்று இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை உறுதியாகச் சொல்கிறது. எப்படி? பறவை பார்ப்பவர்கள் இணையத்தில் பதியும் லட்சக்கணக்கான பட்டியல்களில், நூறு பட்டியலுக்கு எத்தனையில் மயில் வருகிறது என்ற விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருக்கிறது. கொங்கு நாட்டில் நிலக்கடலை போட்டவரைக் கேட்டாலும் இதையே சொல்வார், ஆனால் அவர் சொல்லை வைத்து அரசாணை போட மாட்டார்கள். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இந்த வகைதான். பதினைந்து நிமிடம், பார்த்ததெல்லாம், முழுப் பட்டியல்.

இந்த வழி பார்க்காததை எப்படிக் கையாள்கிறது? கையாள்வதில்லை. விட்டுப்போகும் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் இருக்கும் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட, முயற்சியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதே பாதை, அதே மாதம், அதே நேரம், அதே நிமிடக் கணக்கு. கரையில் இருந்த கருவேலத்தை வெட்டிவிட்டார்கள், இப்போது ஏரி முழுக்கத் தெரிகிறது என்றால், பறவை கூடியதா பார்வை கூடியதா என்று சொல்ல முடியாது. அதையும் குறித்து வைக்க வேண்டும்.

சரி, யார் எதை எடுப்பது? ஊர் ஏரியை நீண்ட காலம் கவனிக்க நினைக்கும் மன்றம் குறியீட்டு வழியில் போகட்டும். மொத்த எண் என்ற ஆசையை விட்டுவிட்டால் பத்தாண்டில் கையில் இருக்கும் தரவை யாராலும் அசைக்க முடியாது. கூடு கட்டும் பருவத்தில் மட்டும் கூடுகளை முழுசாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதப் புராஜெக்ட் செய்யும் மாணவருக்கு நத்தையும் தும்பியும். காட்டுக்குள் போகவும் பாலூட்டியைத் தொடவும் அனுமதிக்குக் காத்திருந்தே அந்த ஆறு மாதம் தீர்ந்துவிடும். வனத்துறையோடு சேர்ந்து மானோ காட்டுமாடோ எண்ண வாய்ப்புக் கிடைத்தவர்கள் நேர்கோட்டுப் பாதையை எடுக்கலாம், ஆனால் அறுபது பார்வை தேறுமா என்று முதலில் ஒரு சோதனை நடை நடந்து பாருங்கள். தேறாது என்றால், அல்லது நிலம் மேடும் பள்ளமும் என்றால், இரு குழு முறை. கேமரா வாங்கப் பணம் வந்துவிட்டது என்பதற்காக அடையாளம் இல்லாத விலங்கைக் கேமராவில் எண்ணப் போகாதீர்கள். அது எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு நடமாடுகிறது என்பதற்கு அந்தக் கேமரா நன்றாகவே உதவும். லத்தி எண்ணுவது, மட்கும் வேகத்தைத் தாங்களே அளக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

தோட்டத்துக்குள் பன்றி வருகிறது என்று கவலைப்படும் விவசாயிக்கு இவை எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவருக்குத் தேவை சுற்றுவட்டாரத்தில் எத்தனை பன்றி என்பது அல்ல. எந்த மாதம், எந்த வரப்பு வழியாக, எந்தப் பயிர் நிற்கும்போது வருகிறது என்பதுதான். அதற்கு ஒரு நாட்காட்டியும் பேனாவும் போதும்.

எதை எடுத்தாலும் படிவத்தில் இருக்க வேண்டியவை: தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர், வானிலை, அப்புறம் எதுவும் தென்படாத நாளுக்கு ஒரு பூஜ்யம். பூஜ்யத்தை எழுதாமல் விடுவதுதான் நம் ஊர்த் தரவுகளில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் ஓட்டை. ஒன்றும் இல்லை, எதற்கு எழுதுவது என்று அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறார்கள். ஓராண்டுத் திட்டம் போடும் முன் ஒரு காலை ஒத்திகை பாருங்கள்: இருவர் தனித்தனியே ஒரே இடத்தைப் பார்த்து, இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும். இரண்டு பட்டியலிலும் வந்தது ஒவ்வொருவரும் பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை என்றால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் எண்ணுவது வீண். நேரத்தையோ நிற்கும் இடத்தையோ மாற்றிக்கொண்டு மறுபடி ஒத்திகை பார்த்த பிறகு படிவத்தை அச்சடியுங்கள்.